தபாலில் வந்த மெட்டு

என் உயிரான பேச்சியக்காவுக்கு,

உன் தம்பி சோணை கப்பலை விட்டு இறங்கி, ரயிலேறி, கோச்சடைக்கு வந்து சேர்ந்துவிட்டேன். பினாங்கிலிருந்து எழுதிய கடிதம் ஒவ்வொன்றிலும் முதல் வரியாக ‘சுகமா இருக்கியாக்கா’ என்று கேட்பேன். இப்போது பேனாவை மையில் தொட்டு வைத்துக்கொண்டு அந்த ஒரு வரிக்காக நாலு நாள் உட்கார்ந்திருந்தேன். உன்னிடம் வேறு என்னத்தைக் கேட்பது? சாப்பிட்டாயா என்றா?

சரி, நம் ஊர்ச் சேதியைச் சொல்கிறேன். வைகையில் தண்ணீர் போகிறது. உன் காராம்பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. நாம் நாடகம் பார்த்த தகரக் கொட்டகையில் இப்போது பேசும்படம் காட்டுகிறார்கள் அக்கா! போய்ப் பார்த்தேன். நிழல் பேசுகிறது, நிழல் பாடுகிறது. ஜனங்கள் பழக்கதோஷத்தில் ‘ஒன்ஸ்மோர்’ என்று கத்துகிறார்கள். படத்து ராஜா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவர்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறார். நீ இருந்திருந்தால் செருப்பைக் கழற்றித் திரையில் அடித்திருப்பாய்.

இந்தக் கடிதத்தை எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் எழுதியதில் எந்தக் கடிதம் உனக்கு மட்டும் வந்தது? உனக்குப் படிக்கத் தெரியாது. மச்சான்தான் மாட்டுத் தொழுவத்து வாசலில் நின்று எழுத்துக் கூட்டிப் படிப்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் முறத்தோடும் விளக்குமாற்றோடும் வந்து நிற்பார்கள். அதனால் நம் ‘பொன்னரசன் சரித்திரம்’ பாட்டுப் புத்தகத்தின் முன்பக்கத்தில் இதையும் அச்சடிக்கச் சொன்னேன். அச்சாபீஸ்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“பாட்டுப் புத்தகத்துல ராஜபார்ட் படம் போடுவாக. சோப்பு விளம்பரம் போடுவாக. செத்தவுகளுக்குக் கடுதாசி போட்டு நான் பாத்ததில்லையே தம்பி.”

“மெட்டுப் போட்டதே அவகதான்ணே” என்றேன். அவர் கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார். எத்தனை பக்கம் வரும் என்று மட்டும் கேட்டார்.

அந்தத் தகரக் கொட்டகைக்கு முதன்முதலாக அய்யா நம்மைக் கூட்டிப் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ பதினொன்று, நான் எட்டு. பொடியன் என்று என்னையும் பெண்கள் பக்கத்தில் உன்னோடு உட்காரவிட்டார்கள். ராஜாவின் நெஞ்சில் அம்பு பாய்ந்தது. கீழே விழுந்து, பாட்டு ஒன்று பாடி, தலையைச் சாய்த்துச் செத்தார். நான் தேம்பித் தேம்பி அழுதேன். அப்போது பின்னாலிருந்து ஒருத்தர் ‘ஒன்ஸ்மோர்’ என்று கத்தினார். ராஜா எழுந்தார். உடுப்பில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினார். ஆர்மோனியக்காரரைப் பார்த்துச் சுருதி கேட்டார். முதலிலிருந்து பாடி, மறுபடியும் செத்தார். அன்றைக்கு மூன்று தடவை செத்தார் அக்கா. மூன்றாவது தடவை சாவதற்கு முன்னால் ஒரு கோலி சோடா வேறு குடித்தார்.

எனக்கு வந்ததே கோபம்! “செத்தவன் எப்பிடிக்கா எந்திரிப்பான்? எல்லாம் பொய்யி” என்று வீடு வரைக்கும் காலை உதைத்துக்கொண்டு நடந்தேன்.

“எந்திரிச்சா உனக்கு என்னடா நட்டம்? நல்லாத்தான இருக்கு” என்றாய் நீ. அன்று பெண்கள் பக்கத்திலேயே சத்தமாக ‘இன்னொருக்கா’ என்று கத்தியவள் நீதான். தொண்டை கட்டி ரெண்டு நாள் பேச்சே வரவில்லை உனக்கு.

அப்புறம் நீ பெரிய மனுஷி ஆனாய். ஆத்தா உன்னைக் கொட்டகைப் பக்கம் விடவில்லை. நான் மட்டும் போவேன். உள்ளே போக வழியில்லாத நாளில் தகரத்தில் இருந்த ஆணி ஓட்டை வழியாகப் பார்ப்பேன். மறுநாள் காலையில் நீ சாணி அள்ளும்போது முழு நாடகத்தையும் உனக்கு நடித்துக் காட்டுவேன். ராஜா நான், ராணி நான், பபூன் நான். மந்திரி மட்டும் நம் செவலைக் காளை. நீ கழுநீர்த் தொட்டியின் திண்டில் உட்கார்ந்துகொண்டு குற்றம் சொல்வாய்.

“ராணி இப்பிடியாடா அழுவா? மூக்கையே சிந்தலையே! மூக்குச் சிந்தாம எவ அழுதிருக்கா?”

எனக்குப் பாட்டின் வார்த்தை மறக்காது. மெட்டு மறந்துபோகும். மறந்த இடத்தில் நான் முழித்துக்கொண்டு நின்றால் நீ எடுத்துக்கொடுப்பாய். கொட்டகையில் பாடின மெட்டை அல்ல, வயலில் பாடுகிற ஏதோ ஒன்றை எடுத்து அந்த வார்த்தைக்கு மாட்டிவிடுவாய். அது அப்படியே பொருந்தி உட்காரும். கொட்டகை மெட்டைவிட அதுதான் நன்றாக இருக்கும் என்று அப்போதே எனக்குத் தெரியும். உன்னிடம் சொன்னதில்லை. தலைக்கனம் வந்துவிடும் என்று நினைத்தேன். ஏன் சொல்லாமல் இருந்தேன் அக்கா?

உனக்கு நம் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே கல்யாணம் ஆனது. அய்யா போய்ச் சேர்ந்தார். நான் நாடகக் கம்பெனியில் சேர்ந்தேன். திரைக்குப் பின்னால் நின்று வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக்கொடுக்கிற வேலை. கம்பெனி பினாங்குக்குக் கப்பலேறுகிறது என்றதும் ஆத்தா “கூத்தாடப் போறவனுக்கு இந்த வீட்டுல சோறில்ல” என்று கதவைச் சாத்தினாள். ஆரப்பாளையம் வரைக்கும் கட்டுச்சோற்று மூட்டையோடு என்னோடு நடந்து வந்தது நீ ஒருத்திதான்.

“போயிட்டு வாரேன்க்கா.”

“வந்து, அங்க பாத்ததெல்லாம் எனக்கு நடிச்சுக் காட்டணும். ஒரு ஆளு விடக் கூடாது. என்ன?”

“சரிக்கா.”

“மூக்குச் சிந்த மறந்துராத.”

அதுதான் நீ என்னிடம் நேரில் பேசிய கடைசிப் பேச்சு. இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது, அப்புறம் வேறு என்னவோ வருகிறது.

பினாங்கில் நடந்ததை உனக்குக் கடிதத்தில் கொஞ்சம்தான் எழுதினேன். முழுதையும் இப்போது கேள். ‘பொன்னரசன் சரித்திரம்’ புது நாடகம். நாட்டை இழந்த ராஜா ஒருத்தர், யாருக்கும் தெரியாமல் தன் நாட்டிலேயே பண்ணையாளாகப் போய், நாற்று நட்டு, கதிர் அறுத்து, கடைசியில் அந்த வயல் வரப்பிலேயே எதிரியின் அம்பு பட்டுச் சாகிறார். எங்கள் வாத்தியார் எல்லாப் பாட்டையும் சொல்லிக்கொடுத்துவிட்டார், ராஜாவின் சாவுப் பாட்டைத் தவிர. நல்ல மெட்டை நாடகத்துக்கு முதல் நாள்தான் வாத்தியார்கள் வெளியே எடுப்பார்கள். முன்னாலேயே எடுத்தால் அடுத்த கம்பெனிக்காரன் கொண்டுபோய்விடுவான் என்று பயம். ஆனால் அந்த முதல் நாள் வருவதற்குள் சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்று கூப்பிட்டது என்று வாத்தியார் நோட்டுப் புத்தகத்தோடு போய்விட்டார்! எங்களிடம் மிஞ்சியது பாட்டின் வார்த்தை மட்டும்தான்.

தைப்பூசம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பகலில் நாடகம் என்று நோட்டீசு ஒட்டியாகிவிட்டது. பகலில் வைத்தால்தான் ரப்பர்த் தோட்டத்து ஜனங்கள் பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் லாரியேற முடியும். கையில் ரெண்டு மாதம் இருந்தது. எங்களைக் கூட்டிவந்த கண்டிராக்டர் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

“முழு நாடகமும் தெரிஞ்சவன் இங்க எவன் இருக்கான்?”

 திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கை மேலே போனது. பார்த்தால் அது என் கை!

இருபத்திரண்டு வயதில் நான் வாத்தியார் ஆகிவிட்டேன் அக்கா. எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஆணி ஓட்டை சொல்லிக்கொடுத்தது. ராஜபார்ட் கனகசபை அண்ணனுக்கு என்னைப்போல ரெண்டு மடங்கு வயது, மூன்று மடங்கு உடம்பு. “மீசை முளைச்சதும் சொல்லியனுப்புங்க வாத்தியாரே, வந்து கத்துக்கிறேன்” என்று பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். எனக்கு அதட்டத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். நம் தொழுவத்தில் செய்ததைத்தான். ராஜா, ராணி, பபூன், எதிரி என்று அத்தனை வேஷத்தையும் நானே அவர்கள் முன்னால் ஆடிக் காட்டினேன். முதலில் சிரித்தார்கள். ரெண்டாம் நாள் சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் கனகசபை அண்ணன் பாயைச் சுருட்டிவிட்டு எழுந்து வந்தார்.

ராணி வேஷக்காரரை மூக்கைச் சிந்தச் சொன்னேன். “எந்த ஊர் ராணிடா மேடையில மூக்குச் சிந்துவா?” என்று சண்டைக்கு வந்தார்.

“எங்க அக்கா சொல்லியிருக்கு.”

அன்றிலிருந்து எதற்கெடுத்தாலும் கம்பெனியே கேட்கும்: “வாத்தியாரே, இதுக்கு உங்க அக்கா என்ன சொல்லுது?” கேலிக்குத்தான் ஆரம்பித்தார்கள். போகப்போக நிஜமாகவே கேட்டார்கள்.

ஒன்றில் மட்டும் நான் உன் பேச்சைக் கேட்கவில்லை. என் நாடகத்தில் செத்த ராஜா எழுந்திருக்கக் கூடாது, ஒன்ஸ்மோர் கேட்டாலும் கூடாது என்று சட்டம் போட்டேன். “ஜனம் பெஞ்சை ஒடைக்கும்டா” என்றார் கனகசபை அண்ணன். “ஒடைக்கட்டும்ணே” என்றேன்.

சாவுப் பாட்டின் மெட்டுக்காகத்தான் உனக்கு எழுதினேன். அஞ்சு வரி. இப்போது உனக்கும் தெரியும், படிக்கிறவர்களுக்காக மறுபடியும் எழுதுகிறேன்.

ஆண்ட மண்ணில் ஆளாய் நின்றேன்
அடையாளம் யார் அறிவார்
நாற்று நட்ட கைகள் கண்டேன்
நாடெல்லாம் பச்சை கண்டேன்
போகிறேன் மண்ணே, போகிறேன்

மெட்டைத் தபாலில் எப்படி அனுப்புவாய் என்று நான் யோசிக்கவே இல்லை. நீ அனுப்பிவிடுவாய் என்று மட்டும் தெரியும். அனுப்பினாய். மச்சானின் கோணல் எழுத்தில் உன் பேச்சு வந்தது. அதை இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

‘தம்பி சோணைக்கு. மொத ரெண்டு வரி ஏத்தம் இறைக்கிற மெட்டு. அவன் அம்பு பட்டுக் கெடக்கான்ல, மூச்சு வாங்குமுல்ல, ஏத்தத்துலயும் மூச்சு வாங்கும். நடு ரெண்டு வரி நடவு மெட்டு. கடேசி வரி ஒப்பாரி இழுவை. ஆனா இழுத்துக்கிட்டே போகாத. கயிறு அத்துப்போன மாதிரி விட்டுரு. ஒப்பாரியை வீட்டுல பாடிப் பாத்தா ஆத்தா அடிக்க வருது. ஆத்து மணலுக்குப் போயிப் பாடிப் பாத்துத்தான் சொல்றேன். நல்லா வந்திருக்கு.’

நல்லா வந்திருக்கு! ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு ரெண்டு நாளில் பிடித்துவிட்டேன். கனகசபை அண்ணன் முதல் தடவை பாடி முடித்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “உங்க அக்காவைக் கப்பலேத்திக் கூட்டிட்டு வா. நீ ஊருக்குப் போ” என்றார்.

சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். மெட்டு கிடைத்த சந்தோஷத்தில் நீ அதை எங்கே நின்று பாடினாய், எதைத் தாண்டிப் பாடினாய் என்று நான் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை.

நாடகத்துக்கு ரெண்டு நாள் இருக்கும்போது அடுத்த கடிதம் வந்தது. அதே மச்சான் எழுத்து. ‘பேச்சி போயிட்டா. மூணு நாள் காய்ச்சல். எடுத்தாச்சு மாப்ள. நீ பொறப்பட்டு வந்தாலும் பாக்க முடியாது.’ கீழே ஆத்தா சொல்லச் சொல்ல எழுதின ஒரு வரி. ‘உசுரோட இருந்த பிள்ளைய ஒப்பாரி பாட வச்சேல்ல, இப்பக் குளுந்துச்சா?’

கடிதம் கடலில் பதினைந்து நாள் வந்திருக்கிறது. அந்தப் பதினைந்து நாளும் நான் உன் மெட்டைச் சீட்டியடித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். உன்னைத் தூக்கிப் போன அன்றைக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? பபூனுக்கு விழுந்து விழுந்து சிரிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேனோ?

பாட்டை எடுத்துவிடுகிறேன் என்று கனகசபை அண்ணனிடம் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

“பாட்டை எடுத்துட்டா ராஜா எப்பிடிடா சாவாரு? சும்மா படுத்துக்கிறவா?”

“எப்பிடியோ செத்துத் தொலைங்கண்ணே. அந்த மெட்டு வேணாம்.”

“இந்தா பாரு தம்பி. அது உங்க அக்கா எனக்குக் குடுத்த மெட்டு. உனக்குக் குடுக்கல. நான் பாடுவேன். கேக்க முடியலைன்னா வெளிய போயி நில்லு.”

நான் வெளியே போகவில்லை. பக்கத்துப் படுதாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை லாரி லாரியாக வந்து இறங்கினார்கள். உசிலம்பட்டிப் பக்கம், சோழவந்தான் பக்கம், எல்லாம் நம் பக்கத்து முகம். ராணி மூக்கைச் சிந்தினாள், கொட்டகை உருகியது. அப்புறம் அம்பு பாய்ந்தது. கனகசபை அண்ணன் வரப்பில் சாய்ந்தார்.

ஏற்றத்து மெட்டு எழுந்ததும் பெண்கள் பக்கத்தில் சலசலப்பு அடங்கியது. நடவு மெட்டு வந்தபோது வெற்றிலை மெல்லுகிற வாய்கூட நின்றுவிட்டது. கடைசி வரி அறுந்து விழுந்தது. ஒருத்தரும் கை தட்டவில்லை. பயந்துபோனேன். அப்புறம்தான் கேட்டது. நூறு பெண்கள் வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவிலிருந்து ஒரு குரல்.

“இன்னொருக்கா பாடுங்க சாமி.”

செத்துக் கிடந்த கனகசபை அண்ணன் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தார். என் சட்டம் அவருக்குத் தெரியும். நான் சொல்லாமல் அவர் எழுந்திருக்க மாட்டார்.

நான் என்ன செய்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? செத்தவரை எழுப்பவா என்று கண்ணால் கேட்கிறார். அன்றைக்கு, அந்த நேரத்தில், வேண்டாம் என்று என்னால் எப்படிச் சொல்ல முடியும்? கும்பிட்டேன் அக்கா. ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். அவர் எழுந்தார். தூசியைத் தட்டவில்லை. சுருதி கேட்கவில்லை. எழுந்து முதலிலிருந்து பாடினார்.

லாரி ஏறும்போது மூக்குத்தி போட்ட ஒரு அக்கா என்னைத் தேடி வந்தது. ‘இன்னொருக்கா’ என்று கேட்டது அதுதான்.

“எங்காத்தா செத்து ரெண்டு வருசம் தம்பி. கடுதாசியிலதான் தெரிஞ்சது. ரப்பர்ப் பால் எடுக்குற வாளியோட நின்னேன், கங்காணி கத்துறான், அழுகுறதுக்கு நேரமில்ல. இன்னைக்கு உங்க கொட்டகையில அழுது முடிச்சுட்டேன். மெட்டு போட்டது யாரு?”

“எங்க அக்கா.”

“நல்லா இருக்கணும் மகராசி” என்றது. நான் தலையை ஆட்டினேன். 

ஒப்பந்தம் முடிய அஞ்சு மாதம் ஆனது. அதற்குள் உன் மெட்டை எத்தனை தோட்டத்தில் பாடினோம்! ஆனாலும் ஒவ்வொரு தடவையும் ரெண்டு கேள்வி என்னை அரித்தது. உன்னை ஒப்பாரி பாட வைத்தது நான் என்பது ஒன்று. நான் கட்டியது நீ நினைத்த மெட்டுத்தானா என்பது இன்னொன்று. நீ பாடி நான் கேட்கவே இல்லையே. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் இல்லையே.

ஊருக்கு வந்தேன். ஆத்தா கதவைச் சாத்தவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். பதினோரு நாள் ஒரு வார்த்தை இல்லை. மச்சான்தான் என்னை உன் வயலுக்குக் கூட்டிப் போய் வரப்பில் உட்காரவைத்தார். ஆள் பாதியாகிவிட்டார் அக்கா.

“மச்சான், நெசத்தைச் சொல்லுங்க. என்னாலதான?”

“கிறுக்குப் பயலே. அந்த வாரம் நம்ம தெருவுல காய்ச்சல்ல போனது நாலு பேரு. நாலு பேருமா ஒப்பாரி பாடுனாக?” மண்ணைக் கிளறிக்கொண்டே சொன்னார். “ஆத்துலருந்து வாரப்ப அவ மூஞ்சியை நீ பாக்கணுமே மாப்ள. சீமைக்கே பாட்டுக் கட்டி அனுப்புறேன்னு எனக்கு ரெண்டு நாள் சோறே பொங்கல. நான் கம்பங்கூழ் குடிச்சேன். அம்புட்டு சந்தோசம் அவளுக்கு.”

அதற்கடுத்த நாள் நம் வயலில் நடவு. ஆத்தா நாற்று முடியை வீசிக்கொண்டிருந்தாள். பெண்கள் வரிசையாக இறங்கி நட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் ஓரத்தில் இறங்கினேன். என்னை அறியாமல் உன் பாட்டு வாயில் வந்துவிட்டது. ஏற்றத்து வரி முடிந்து நடு வரிக்குப் போனேன்.

“நிறுத்துடா.”

ஆத்தாதான்! பதினோரு நாளுக்கப்புறம் அவள் பேசிய முதல் வார்த்தை.

“இதையா அக்கரையில பாடித் திரிஞ்ச?”

“ஆமாத்தா. அக்கா அனுப்புன மெட்டு.”

“எவ சொன்னா? இது பொழுது அடையுறப்பப் பாடுற நடவுடா. இடுப்பு ஒடிஞ்சு, வீட்டுக்கு எப்படா போவோம்னு இழுத்துப் பாடுறது. அவ பாடுனது காலை நடவு.”

 சாகிற ராஜா என்றதும் அழுகைதான் என்று முடிவு செய்து, சாயங்கால மெட்டை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நீ காலை, மாலை என்று ஏன் சொல்லப்போகிறாய்? நீ நினைத்தது ஒன்றே ஒன்று. உன் தம்பிக்கு அது புரியாதா என்று விட்டுவிட்டாய்.

“உனக்கு எப்பிடி ஆத்தா தெரியும்?”

ஆத்தா கையிலிருந்த நாற்று முடியைக் கீழே போட்டாள்.

“வெளக்கமாத்தோட போனேன், அடிச்சு இழுத்துட்டு வரணும்னு. நாணலுக்குப் பின்னாடி நின்னேன். மணல்ல உக்காந்து பாடுறா. ஏத்தம் பாடுனா. அப்பறம் காலை நடவு. சேத்தை வாரி இறைச்சுக்கிட்டுப் பாடுவோமே, அதை. பாடுறப்பவே சிரிக்கா. சாகப்போறவனுக்கு என்னடி சிரிப்புன்னு நினைச்சேன். கேக்கக் கேக்க எனக்கே சிரிப்பு வந்துருச்சு. அதுக்கப்பறம் அந்த இழுவை. சரியா வரலைன்னு திரும்ப மொதல்லருந்து பாடுறா. நான் அடிக்கல. கேட்டுட்டு வந்துட்டேன். அன்னைக்கே அடிச்சு இழுத்துட்டு வந்திருந்தா...”

 பதினோரு நாள் மௌனம் யார் மேல் இருந்த கோபம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

“பாடு ஆத்தா” என்றேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். பாடினாள். ஏற்றம் முடிந்து நாற்று நட்ட கைகளுக்கு வந்ததும் அந்த மெட்டு துள்ளி எழுந்தது. அது நம் பெண்களுக்குத் தெரிந்த மெட்டு. குனிந்த வாக்கில் அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். சேறு தெறித்தது. ஒருத்தி மச்சான் மேல் ஒரு கை வாரி வீசினாள். நெஞ்சில் அம்போடு கிடக்கிற ராஜா, தான் நட்ட வயலை நினைத்துச் சிரிக்கிறார் அக்கா! அந்தச் சிரிப்புக்கு அடுத்து கடைசி வரி வந்து விழுந்தபோது நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆத்தாவால் இழுக்க முடியவில்லை. ‘போகிறேன் மண்ணே’ வரைக்கும் வந்து பாட்டு நின்றுவிட்டது. கயிறு அறுந்தமாதிரி. நீ சொன்ன அதே இடத்தில்.

“இன்னொருக்கா ஆத்தா.”

“என்னது, ஒன்ஸ்மோரா? கொன்னுருவேன். நாத்தை எடுடா கழுதை, வெயில் ஏறுது” என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், சேறு இன்னும் அப்பிக்கொண்டது. அன்றைக்கு மத்தியானம் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, உப்பு இருக்கிறதா என்று கேட்டாள்.

அறுப்பு முடிந்ததும் ஆரப்பாளையத்தில் கொட்டகை போட்டுப் ‘பொன்னரசன் சரித்திரம்’ ஆடப்போகிறோம். கனகசபை அண்ணன் அடுத்த கப்பலில் வருகிறார். நடு வரியை மாற்ற வேண்டும் என்று எழுதினேன். ‘உங்க அக்கா சொல்லுதா, நீ சொல்றியா?’ என்று கேட்டு எழுதியிருக்கிறார். நீ சொல்வதாகப் பதில் போட்டுவிட்டேன். ஆத்தா பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் உட்காருவாள். வரமாட்டேன் என்கிறாள், அன்றைக்கு எந்தச் சேலை கட்டுவது என்றும் கேட்கிறாள்.

அக்கா, உனக்குச் சத்தியம் செய்து சொல்கிறேன். இனி என் ராஜா அந்த ரெண்டு வரியில் சிரிப்பார். ஜனங்கள் எத்தனை தடவை கேட்டாலும் அத்தனை தடவையும் எழுந்து பாடுவார். பாட்டுப் புத்தகத்தில் அந்தப் பாட்டுக்கு மேலே ‘கோச்சடைப் பேச்சியம்மாள் மெட்டு’ என்று அச்சில் இருக்கும். ஆடி முடித்த மறுநாள் காலையில் நான் நம் தொழுவத்துக்கு வருவேன். செவலை இல்லை, உன் காராம்பசு போட்ட கன்றுதான் இப்போது மந்திரி. நீ உட்காருகிற திண்டைக் கழுவி வைத்துவிட்டு, ராஜா, ராணி, பபூன், எதிரி, பினாங்குக் கொட்டகை, மூக்குத்தி போட்ட அந்த அக்கா என்று நான் பார்த்தது எல்லாவற்றையும் உனக்கு நடித்துக் காட்டுவேன். ஒரு ஆள் விடமாட்டேன். மூக்கைச் சிந்தவும் மறக்கமாட்டேன்.

உன் கூடப்பிறந்து, உன் மெட்டைச் சுமந்து திரிகிற தம்பி,
சோணை